தேடுபொறியும் அதன் முகப்பும்

நூலகப் பட்டியலைக் கணினிவழித் தேடுவார் தம் கண்முன் காண்பது தேடுபொறியன்று, அதன் முகப்பே. சோலர் என்னும் திறமூலத் தேடுபொறி 2004-ஆம் ஆண்டில் சீநெட் நிறுவனத்தில் யோனிக் சீலி என்பாரால் ஆக்கப்பெற்று, 2006-இல் அப்பாச்சி அறக்கட்டளையின்பாற் சேர்ந்தது. டக் கட்டிங் என்பார் இயற்றிய லூசீன் என்னும் நிரல்தொகுதியே இதற்கு அடிப்படை. சொற்களை அட்டவணைப்படுத்துதலும், வினவிய சொல்லுக்குரிய பதிவுகளைத் தரவரிசையில் எடுத்துத் தருதலும் இதன் தொழில்கள். பயில்வார்க்குரிய பக்கத்தை இது தருவதில்லை. முன்னைய பதிப்புகளில் மாதிரிப் பக்கம் ஒன்று இணைந்திருந்தது. ஒன்பதாம் பதிப்பில் அதுவும் நீக்கப்பட்டது.

சோலரையே நேரே பொதுமக்கள்முன் வைத்தால் வரும் குறை யாதெனின், தேடும் வாயிலும் அழிக்கும் வாயிலும் அதன்கண் அருகருகே உள்ளன. காவலின்றித் திறந்து விடுவோமாயின், அட்டவணை முழுவதும் அழிதற்கு ஒரு வேண்டுகோளே போதும். ஆதலின் முகப்பு அழகு கருதி மட்டும் அமைவதன்று.

இனி, நூலகங்கள் மேற்கொண்டவற்றுள் இரண்டனை ஆராய்வாம். பிளாக்லைட் வர்ஜீனியாப் பல்கலைக்கழக நூலகத்தில் தோன்றியது. ரூபி மொழியில் அமைந்தது. வூஃபைண்ட் பென்சில்வேனியாவிலுள்ள வில்லனோவாப் பல்கலைக்கழக நூலகத்தில் தோன்றியது. பிஎச்பி மொழியில் அமைந்தது. ஆசிரியர், மொழி, காலம் என விளைவைப் பகுத்து, எதிரே எண்ணிக்கை காட்டுதல் இரண்டற்கும் பொது. வூஃபைண்ட் நூற்பட்டியலுக்கென்றே பிறந்தது; நூல் அடுக்கில் உள்ளதா, இரவலிற் சென்றதா என்பதை நூலக மேலாண்மை நிரலிடம் கேட்டுச் சொல்லும். பிளாக்லைட்டோ, பதிவு நூலா, கடிதமா, நிழற்படமா என்று பார்ப்பதில்லை. எப்புலத்தை எங்ஙனம் காட்டுவது என்பதை அமைப்போரே வகுத்தல் வேண்டும். உரிமை மிகுதி, உழைப்பும் மிகுதி. ரூபி அறிந்தார் ஒருவரேனும் நிலையாக இல்லாத நூலகம் இதனை நாடுதல் தகாது என்பது எம் கருத்து.

தமிழ் ஆய்வார்க்கு இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. வூஃபைண்ட் தனியே வருவதன்று. சோலருக்குரிய அமைப்பேட்டையும் உடன்கொண்டு வருகிறது. எழுத்துகளை ஒருமைப்படுத்தும் ஐசியூ வடிகட்டி அவ்வேட்டில் உள்ளது. ‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைத்தல் ஒன்று, கொம்பையும் காலையும் தனித்தனி வைத்தல் மற்றொன்று. கண்ணுக்கு ஒன்றே, பொறிக்கு இரண்டு. இவ்வேறுபாட்டை அவ்வடிகட்டி போக்குதல் நன்றே. ஆயின் அதுவே மெய்யெழுத்தின் புள்ளியையும், பிரெஞ்சு எழுத்தின் மேற்குறியை நீக்குமாறு போல, நீக்கிவிடுகிறது. தொல்காப்பியர் மெய்க்கு இயல்பாக வகுத்த புள்ளி, ஈண்டு வேண்டாத அடையாளமாகக் கழிக்கப்படுகிறது. விளைவு யாது? ‘பல்’ எனத் தேடுவார்க்குப் ‘பல’ என்பதும் வந்து நிற்கும். ஒரு சொல் ஒரு நூற்றொகுதியில் எத்துணை இடத்துப் பயின்றது என எண்ணி, அவ்வெண்மேல் முடிபு கட்டுவார் உளர். அவ்வெண்ணே பிழைபடின் அதன்மேற் கட்டிய முடிபு யாதாகும்?

இக்குறை தீராததன்று. குறித்த எழுத்துகளை விலக்கி ஏனையவற்றை மட்டும் ஒருமைப்படுத்துமாறு அவ்வடிகட்டிக்கு ஆணையிட இடமுண்டு. தமிழ்ப் புள்ளியை அங்ஙனம் விலக்கியபின் அட்டவணையை முற்றும் புதிதாக ஆக்குதல் வேண்டும். பிளாக்லைட்டை மேற்கொள்வாரும் தம் அமைப்பேட்டை இவ்வகையில் ஆய்தல் கடன்.

அச்சுநூல்களே நிறைந்து, இரவல் வழங்கும் நூலகத்திற்கு வூஃபைண்டையும், சுவடி, கடிதம், படம் எனப் பல்வகைப் பொருள் செறிந்த காப்பகத்திற்குப் பிளாக்லைட்டையும் யாம் பரிந்துரைப்போம். எதனைக் கொள்ளினும், முதலில் நூறு தமிழ்ப் பதிவுகளை இட்டுப் ‘பல்’, ‘பல’ என்பனவற்றைத் தனித்தனி தேடுக. இருவகைக் ‘கொ’வும் இட்டுத் தேடுக. முன்னவை இரண்டும் வெவ்வேறு விளைவும், பின்னவை இரண்டும் ஒரே விளைவும் தந்த பின்னரே எஞ்சிய பதிவுகளை ஏற்றுக.