பாலையும் துறப்பவர்கள்

நம் நாட்டில் சைவ உணவு உண்போர் இல்லங்களில் பாலும் தயிரும் நெய்யும் தூய பொருள்களாகவே மதிக்கப்பட்டு வருகின்றன. ஆகவே, பாலையும் விலக்கி வாழப் போவதாக ஒருவர் கூறினால், முதலில் திகைப்பவர்கள் அவருடைய குடும்பத்தாரே ஆவர். புலால் உண்பவரைக் காட்டிலும் சைவ உணவினரே அவருடன் மிகுதியாக வாதிடுவதையும் காண்கிறோம்.

இத்தகைய வாழ்க்கை முறைக்கு 'வீகன்' என்னும் பெயர் 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோன்றியது. இறைச்சி, முட்டை, பால், தேன் ஆகிய உணவுகளை மட்டுமின்றிப் பட்டு, தோல் ஆகியவற்றையும் இவர்கள் விலக்குகின்றனர். தமிழில் இதனை நனிசைவம் என்றும் கூறுவர். பெயர் புதிதாயினும் கருத்து நமக்குப் புதிதன்று. கல்கத்தாவில் பால் கறப்பதற்காகப் பசுக்களும் எருமைகளும் துன்புறுத்தப்படுவதைப் படித்தறிந்த காந்தியடிகள், 1912-இல் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது பாலைத் துறந்தார். பின்னர் இந்தியாவில் கடும் நோயுற்றபொழுது, கஸ்தூர்பா எடுத்துக்கூறியபடி ஆட்டுப்பால் அருந்தினார். நோன்பின் சொல் காக்கப்பட்டது, பொருள் காக்கப்படவில்லை என்ற வருத்தம் அவருக்கு நெடுநாள் இருந்தது.

இன்று பாலைத் துறப்போர் கூறும் காரணங்களுள் முதன்மையானதும் ஜீவகாருண்யமே. பொருளாதார நோக்கில் ஆராயும்போது இக்காரணம் மேலும் வலுப்பெறுகிறது. பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்றுகள். ஏர் உழவும் வண்டி இழுக்கவும் அவை தேவைப்பட்ட காலத்தில் இது ஒரு சிக்கலாகத் தோன்றவில்லை. உழவு இயந்திரம் வந்த பின்னர் அவற்றுக்கு வேலை இல்லாமற் போயிற்று. 2012-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பில் பசுவினத்தில் ஆண் மாடுகள் 6.79 கோடி, 2019-இல் 4.74 கோடி. அதே காலத்தில் பசுக்களின் எண்ணிக்கையோ 12.30 கோடியிலிருந்து 14.51 கோடியாக உயர்ந்துள்ளது. பசுக்கள் பெருகியும் காளைகள் இரண்டு கோடிக்கு மேல் குறைந்தது எவ்வாறு என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். தெருவில் திரியும் மாடுகள் மட்டும் 2019-இல் ஏறத்தாழ 50 இலட்சம்.

சில ஆண்டுகளுக்கு முன் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் சுற்றுப்பயணம் செய்தபோது, திரியும் மாடுகளிடமிருந்து கோதுமையைக் காக்க வயலிலேயே கட்டிலிட்டு இரவைக் கழிக்கும் உழவர் ஒருவரைச் சந்தித்தேன். அவர் வீட்டிலும் கறவைப் பசு ஒன்று இருந்தது. அதன் காளைக்கன்று எங்கே என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. நானும் மீண்டும் கேட்கவில்லை.

எருமையின் நிலை வேறு. அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவு பசுக்கள், கன்றுகள், பிற கறவை மற்றும் இழுவை மாடுகளின் வதையைத் தடுக்குமாறு வழிகாட்டினும், மாநிலச் சட்டங்கள் பெரும்பாலும் எருமைக்குப் பாதுகாப்பு அளிப்பதில்லை. எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. பாற்பண்ணையும் இறைச்சித் தொழிலும் இங்கு ஒரே கொட்டிலில் தொடங்குகின்றன என்று இவர்கள் கூறுவதை எளிதில் மறுக்க இயலாது.

சுற்றுச்சூழல் பற்றிய வாதத்தை அவ்வளவு எளிதில் ஏற்பதற்கில்லை. அசைபோடும் விலங்குகள் வெளிவிடும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டுகிறது என்பது உண்மை. ஆயினும், தீவனத்திற்கென்றே காடுகளை அழித்துப் பயிரிடும் நாடுகளின் கணக்கை, வைக்கோலும் தவிடும் பிண்ணாக்கும் தின்னும் நம் எருமைக்கு அப்படியே பொருத்துவது முறையாகாது.

உடல்நலம் கருதிப் பாலை விடுவோரும் உளர். வயது வந்தோர் பலருக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. எனினும் தாவர உணவு மட்டும் உண்போர் வைட்டமின் பி12-ஐ மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ பெற்றாக வேண்டும். நகரில் வாழ்பவருக்கு இது இயலும். பருப்பையே அளந்து வாங்கும் சைவக் குடும்பத்தில் குழந்தைக்குக் கிடைக்கும் கால் லிட்டர் பாலுக்கு மாற்று எளிதில் அகப்படுவதில்லை.

1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் பயனாக 1998 முதல் பால் உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிக்கிறோம்; 2023-24-இல் உற்பத்தி 23.93 கோடி டன். இப்பாலில் பெரும்பகுதி இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் சிறு உழவர்களிடமிருந்தும் நிலமற்றோரிடமிருந்தும் வருகிறது. மழை பொய்த்த ஆண்டிலும் பால் பணம் வரும். எனவே, பாலைத் துறப்போரின் நியாயத்தை ஏற்கும் அதிகாரியும் பாற்பண்ணை வளர்ச்சியைக் கைவிடப் பரிந்துரைக்க மாட்டார். இதனை எழுதுபவரும் பரிந்துரைக்கவில்லை. காலையில் காப்பி அருந்துபவனே நான்.

ஆனால், பாலின் விலையில் காளைக்கன்றின் பராமரிப்பும் கறவை ஓய்ந்த பசுவின் தீவனமும் அடங்கவில்லை. அச்செலவை இன்று உழவரின் வயலும் நகரத் தெருக்களும் அந்த விலங்கும் ஏற்கின்றன. பெண் கன்றே பிறக்குமாறு பாலினம் பிரித்த விந்தணுவைக் கொண்டு கருவூட்டும் முறை இப்போது பரவி வருகிறது. இதனால் காளைக்கன்றுகள் குறையலாம். கறவை ஓய்ந்த பின்னும் பல ஆண்டுகள் உயிர்வாழும் பசுவிற்கு யார் தீவனம் இடுவது என்ற கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.