முற்றத்தில் நடக்கும் பள்ளிக்கூடம்

சின்னசேலம் வட்டாரத்தில் மக்காச்சோளம் களத்துக்கு வரும் நாட்களில், கதிர்க் குவியலின் ஓரத்தில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று அமர்ந்து, உதிர்ந்த மணிகளைக் கொட்டாங்கச்சியில் அள்ளுவதும் கொட்டுவதுமாக இருப்பதை அங்கத்தினர் யாவரும் கண்டிருப்பீர்கள். "வேலையைக் கெடுக்காதே, எட்டிப் போ" என்று நாம் அதட்டுவதும் வழக்கந்தான். உண்மையில் அக்குழந்தையும் வேலையாகத்தான் இருக்கிறது. நிறைந்தது எது, குறைந்தது எது, இன்னும் எவ்வளவு கொள்ளும் என்பதைக் கையாலேயே ஆராய்கிறது. மணியை இரு விரலால் பொறுக்கும் அந்தப் பழக்கந்தான் பிற்பாடு பென்சிலைப் பிடிக்க உதவுகிறது. இதை அறியாமல், மூன்று வயதிலேயே எழுத்தெழுதக் கையைப் பிடித்து வதைக்கும் பெற்றோர் நம்மிடையே பெருகி வருகின்றனர்.

ஜெர்மனியில் பிரோபெல் என்னும் அறிஞர் 1837-இல் சிறு குழந்தைகளுக்கென ஒரு விளையாட்டுச் சாலை தொடங்கி, 1840-இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்களில் முதலாவது எது தெரியுமா? ஆறு நிறங்களில் நூற்பந்துகள்! நெசவாளர் வீட்டில் நூலுக்கா பஞ்சம்? கழிவு நூலை உருண்டையாகச் சுற்றிக் குழந்தையின் எதிரே உருட்டினால் போதும். தறியில் அமர்ந்தபடியே, "சிவப்பு எங்கே? தறிக்கு அடியிலா, பாவுக்கு அப்பாலா?" என்று தாய் கேட்கலாம். கைகால்களுக்குத்தான் வேலை, வாய்க்கு ஓய்வுதானே!

நம் தேசத்திலும் 1920-இல் குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா பாலமந்திரம் அமைத்தார். மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்.

ஐந்து வயதானதும் பல்லாங்குழி ஆடச் செய்யலாம். பலகை இல்லையேல் முற்றத்து மண்ணில் 14 குழி தோண்டினால் ஆயிற்று. குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை இட்டு வரும்போதே எண்ணிக்கை படிகிறது; நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுக்கும்போது கூட்டல் படிகிறது; தன் முறை வரும்வரை பொறுத்திருக்கவும் மனம் பழகுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் கண்டிப்பாயிருத்தல் வேண்டும். விதைப்புக்கென வாங்கும் சாயமேறிய சோள விதையில் மருந்து பூசியிருக்கும்; அது குழந்தையின் கைக்கு எட்டலாகாது. பூச்சிமருந்து வந்த டப்பாவைக் கழுவிக் கொடுப்பதும் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் எவ்வகை மணியும் தருதல் தகாது. மூக்கிலோ தொண்டையிலோ அடைத்துக்கொள்ளும். அவ்வயதுக்கு நூற்பந்தும் மரக்கரண்டியுமே உகந்தவை.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் ஏற்பட்டவையே இன்றைய அங்கன்வாடிகள். மாலையில் அழைத்துவரச் செல்வோரில் "இன்று என்ன எழுதினாய்?" என்று கேட்பவரே மிகுதி. "என்ன விளையாடினாய்?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள், வீடு வந்து சேருமட்டும் பதில் முடியாது.