வட்டம் கெட்ட சக்கரங்கள்

லண்டனின் மெட்ரோவுக்கு ‘அண்டர்கிரவுண்ட்’ என்று பெயர். பெயர்தான் அப்படி; பாதையில் பாதிக்கு மேல் திறந்த வெளியில்தான் கிடக்கிறது. அதன் பிக்காடிலி தடத்தில் மேற்கே போகும் ரயில், பேரன்ஸ் கோர்ட் நிலையத்தை நெருங்கும்போது சுரங்கத்தை விட்டு வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் வழியெல்லாம் மரங்கள்.

2016 நவம்பரில் அந்த மரங்கள் உதிர்த்த இலைகள் தடத்தையே தடுமாற வைத்தன. சக்கரம் கெட்டு ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்ததில், ஓட்டுவதற்கு வண்டி போதவில்லை. ரேனர்ஸ் லேனுக்கும் அக்ஸ்பிரிட்ஜுக்கும் இடையே பிக்காடிலி ரயில்களை நிறுத்தியே வைக்க நேர்ந்தது. அங்கே இருந்தவர்களுக்கு அதே தண்டவாளத்தில் வரும் மெட்ரோபாலிட்டன் தட ரயில்கள்தான் கைகொடுத்தன.

இலை விழுந்து இரும்புச் சக்கரம் கெடுமா? கெடும், பிரேக்கின் உதவியோடு.

ரயில் சக்கரமும் தண்டவாளமும் ஒன்றையொன்று தொடும் இடம் கட்டைவிரல் நகத்தின் அளவுதான். பல டன் எடை அந்த நகத்தளவு இடத்தில் இறங்குகிறது. வண்டி கிளம்புவதற்கும் நிற்பதற்கும் வேண்டிய பிடிப்பும் அங்கிருந்தே வரவேண்டும். உதிர்ந்த இலைகள் ஈரத்தோடு சக்கரங்களுக்கு அடியில் நசுங்கி நசுங்கி, தண்டவாளத்தின் மேல் கறுப்பாக, வழுவழுப்பாக ஒரு பூச்சாக ஒட்டிக்கொள்கின்றன. லேசாகத் துடைத்தால் போகாது. காய்ந்த தண்டவாளத்தில் இருக்கும் பிடிப்பில் ஆறில் ஒரு பங்குகூட அங்கே மிஞ்சாது.

ஓட்டுநர் வழக்கம்போல பிரேக் போடுகிறார். பிரேக் சக்கரத்தைப் பிடித்துவிடுகிறது. தண்டவாளத்துக்கோ சக்கரத்தைப் பிடித்து உருட்டும் சக்தி இல்லை. சக்கரம் நின்றுவிட, ரயில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. உருண்டிருந்தால் தேய்மானம் சுற்றளவு முழுக்கப் பரவியிருக்கும். இப்போது ஒரே இடம், சாணைக்கல்லில் வைத்ததுபோல, தேய்ந்துகொண்டே போகிறது. சில நொடிகள் போதும். வட்டத்தில் ஒரு பக்கம் சப்பையாகிவிடும்.

இலைதான் வேண்டும் என்பதில்லை. துருவோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் கலந்த லேசான தூறலே தண்டவாளத்தைச் சறுக்குமரமாக்கிவிடும். கொட்டித் தீர்க்கும் மழை அவ்வளவு ஆபத்தில்லை, அது அழுக்கைக் கழுவிவிடும். தளர்த்த மறந்த கைப்பிரேக்கும், சிக்கிக்கொண்ட பிரேக்கும் இதே வேலையைச் செய்யும்.

இந்தியாவில் ரயில்வேக்காரர்கள் இதை ‘ஃப்ளாட் டயர்’ என்பார்கள். காற்றுப்போன டயர் என்று யாராவது நினைத்துக்கொண்டால் அவர்கள் பொறுப்பல்ல. பயணிகள் பெட்டியின் சக்கரத்தில் இந்தச் சப்பை 50 மி.மீ. நீளத்துக்கு மேல் போகக்கூடாது என்பது இங்குள்ள விதி. ஐந்து சென்டிமீட்டர் என்றால் பெரிய பள்ளம் என்று தோன்றும். 80 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆழம் முக்கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

அந்த முக்கால் மில்லிமீட்டர் செய்யும் ஆர்ப்பாட்டம் கொஞ்சமல்ல. அதே சக்கரத்தின் சுற்றளவு இரண்டரை மீட்டர். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் நொடிக்கு நான்கு முறை அது தண்டவாளத்தை அடிக்கும். இருக்கைக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல டக்டக்டக்டக். தண்டவாள இணைப்பின் சத்தம் இப்படியிருக்காது. அது இணைப்பு வரும்போது மட்டும் கேட்கும், எல்லாப் பெட்டிக்கும் பொது. சப்பைச் சக்கரத்தின் தட்டலோ இடைவிடாதது, ரயில் வேகம் பிடிக்கப் பிடிக்கத் தானும் வேகம் பிடிப்பது. இரண்டு பெட்டி தள்ளிப் போய் உட்கார்ந்தால் காணாமல் போய்விடும்.

காது வலியோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு அடியும் தண்டவாளத்தையும் அச்சின் பேரிங்கையும் சேதப்படுத்துகிறது. சக்கரத்துக்குள்ளேயும் ஒரு கோளாறு நடந்திருக்கும். வழுக்கும்போது தேயும் இடம் பழுக்கக் காய்ந்துவிடுகிறது. சக்கரம் மறுபடி உருளத் தொடங்கியதும் சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டை ஒரே இழுப்பாக உறிஞ்சிக்கொள்கிறது. கொல்லுப்பட்டறையில் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்களே, அதே கதை. அந்த இடத்தில் மார்ட்டென்சைட் என்னும் எஃகு உருவாகிறது. கடினமானது, ஆனால் நொறுங்கும் குணமுள்ளது. பின்னால் அதில் விரிசல் விட்டு, சில்லு சில்லாகப் பெயரும். சப்பை குழியாவது அப்படித்தான்.

சக்கரம் வழுக்கத் தொடங்குவதை உணர்ந்து, பிரேக்கைக் கணநேரம் தளர்த்தி மறுபடி பிடிக்கும் கருவி புதிய ரயில்களில் உண்டு. காரில் இருக்கும் ஏபிஎஸ்ஸின் அண்ணன் என்று சொல்லலாம். வழுக்கும் இடங்களில் மணல் கலந்த பசையைத் தண்டவாளத்தில் பூசிக்கொண்டே போகும் தனி ரயில்களும் உண்டு. இலையுதிர் காலத்தில் முன்கூட்டியே, மென்மையாகப் பிரேக் போடுவது ஓட்டுநரின் பங்கு. அட்டவணை அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

சப்பை விழுந்த பிறகு வழி ஒன்றே: கடைசல். டிப்போவில் பள்ளத்துக்குள் பதித்த லேத் இயந்திரத்தின் மேல் ரயில் வந்து நிற்கும். சக்கரத்தைக் கழற்றாமலே, கீழிருந்து சுழற்றிச் சீவுவார்கள். ஆழத்துக்கு ஏற்ப எஃகு சுருள் சுருளாகப் பள்ளத்தில் விழும். ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களும் ஒரே விட்டத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், ஒன்றில் சேதம் அதிகமென்றால் மற்றதையும் அதே அளவுக்குச் சீவியே தீரவேண்டும். இதற்குமேல் கடையக்கூடாது என்று சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு வரிப்பள்ளம் வெட்டியிருப்பார்கள். விளிம்பு அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் சக்கரம் பழைய இரும்புக் குவியலுக்குப் போகும்.