பட்டமும் பட்ட கடனும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து வீடுகளிலே இரண்டு கேள்விகள் எழுகின்றன. "என்ன படிப்பது?" என்று பிள்ளை கேட்கிறது. "எதைக் கொண்டு படிக்க வைப்பது?" என்று தகப்பன் கேட்கிறான். பிள்ளை, "புவியியல் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாலோ, மூன்றாவது கேள்வியும் பிறக்கிறது: "பூகோளம் சோறு போடுமா?"

கேள்வியிலே தவறில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலே வெந்தும், மக்காச்சோளக் காட்டிலே காய்ந்தும் சேர்த்த காசு அது. கணக்குப் பார்க்காமல் கொட்ட முடியுமா? பார்ப்போம் கணக்கை!

முதலில் கடன். கல்விக் கடனுக்கு ஒரு வரம்பு வரை சொத்து ஈடு கேட்பதில்லை. நல்லதுதான். ஆனால் பத்திரத்திலே பெற்றோர் கையெழுத்தும் உண்டு. பிள்ளை கட்டத் தவறினால் கேள்வி தகப்பனிடம் வரும்.

ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 50,000 ரூபாய், ஆக மூன்றாண்டுக்கு 1,50,000 ரூபாய் கடன். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும், அதற்குமேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைக்குத்தான் ஓய்வு, வட்டிக்கு ஓய்வில்லை! அந்த நான்காண்டிலே வட்டி மட்டும் 45,000 ரூபாய் ஏறி, கடன் 1,95,000 ரூபாயாக நிற்கும். ஐந்தாண்டிலே அடைப்பதானால் மாதம் ஏறத்தாழ 4,140 ரூபாய். சம்பளம் 12,000 ரூபாய் என்றால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்கிக்கே! பத்தாண்டாக நீட்டினால் தவணை 2,580 ரூபாயாக இறங்கும்; ஆனால் 1,50,000 வாங்கியவன் கட்டி முடிப்பது மூன்று லட்சத்துக்கு மேல்.

எந்தப் பத்திரத்திலும் எழுதாத செலவு இன்னொன்று உண்டு. அதே பிள்ளை 400 ரூபாய் கூலிக்கு மாதம் 25 நாள் போயிருந்தால், மூன்றாண்டிலே 3,60,000 ரூபாய் வீட்டுக்கு வந்திருக்கும். அதையும் விட்டுக்கொடுத்துத்தான் ஏழை படிக்கிறான். பணக்கார வீட்டிலே இந்தக் கணக்கே கிடையாது!

அப்படியானால் பூகோளம் வேண்டாமா? வேண்டும்! கடன்தான் வேண்டாம்.

அரசு கலைக் கல்லூரியிலே இளநிலைப் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியிலே படித்த மாணவிக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மூன்றாண்டுக்கு 36,000 ரூபாய். பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அது கைகொடுக்கும். முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

இனி வரவு. ஆசிரியராகலாம், ஆனால் பட்டம் மட்டும் போதாது. பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டாண்டு. அதன் பிறகு தகுதித் தேர்வு. ஆகவே போட வேண்டியது மூன்றாண்டுக் கணக்கல்ல, ஐந்தாண்டுக் கணக்கு. நில அளவர் ஆகலாமென்றால், அந்தப் பதவிக்கு ஐ.டி.ஐ. சான்றோ கட்டுமானப் பொறியியல் பட்டயமோ கேட்கிறார்கள். பூமியைப் படித்தவனுக்குப் பூமியை அளக்கும் வேலை இல்லை! சிமெண்ட் ஆலைச் சுரங்கமோ பாறையையும் கனிமத்தையும் ஆராயும் புவியமைப்பியல் படித்தவரைத் தேடுகிறது. பெயர் ஒத்திருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

திறந்திருக்கும் வழி ஒன்று உண்டு. 2021 பிப்ரவரியில் வரைபடத் தொழிலுக்கு இருந்த முன் அனுமதிக் கட்டுகளை மத்திய அரசு தளர்த்தியது. கணிப்பொறியிலே நிலப்படம் வரையும் ஜி.ஐ.எஸ். அறிந்தவருக்கு அங்கே வேலை உண்டு. அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பட்டத்தோடு அந்தக் கைத்தொழிலையும் கற்றவன் பிழைப்பான். பட்டத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டியவன் திண்டாடுவான்.

1794-இல் கம்பெனி ஆட்சிக்கு நிலம் அளக்க ஆள் தேவைப்பட்டது. சென்னையிலே எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளி திறந்தார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் அதுவே! ஆட்சிக்குத் தேவை வந்தால் படிப்புக்கு மதிப்பு வருகிறது. தேவை இன்று இல்லையா? ஏரி எங்கே தூர்ந்தது, சுரங்கம் எந்த ஊரை நெருங்குகிறது, கிணறு எங்கே வற்றுகிறது என்று சொல்ல ஆள் வேண்டாமா?

இந்த மண்ணே ஒரு பூகோளப் பாடம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இன்றும் அதற்குச் சாட்சி. அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லைத்தான் ஆலைகள் வெட்டுகின்றன. 2014-இல் டன்னுக்கு 80 ரூபாய் உரிமைத்தொகை வைத்தார்கள். 2015 சட்டத் திருத்தப்படி, பழைய குத்தகைக்காரர் அதற்குமேல் 30 விழுக்காடு, அதாவது டன்னுக்கு 24 ரூபாய், மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தின் முதன்மைச் செலவுகளிலே கல்வியும் ஒன்று!

ஆகவே கேட்கிறோம்: கல் கொடுத்த ஊரின் பிள்ளைக்கு, அந்தப் பணத்திலே ஒரு ஜி.ஐ.எஸ். பயிற்சிக் கூடம் கட்டக் கூடாதா? நில அளவர் பதவியைப் பயிற்சி பெற்ற புவியியல் பட்டதாரிக்கும் திறக்கக் கூடாதா? 2009-இல் வந்த மத்திய அரசின் கல்விக் கடன் வட்டி மானியம் தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும்தான் என்கிறார்களே, கலைக் கல்லூரிப் பிள்ளை கட்டுவது வட்டி இல்லையா?

தோழர்களே! சேர்க்கைக் காலத்திலே வீடு வீடாகச் செல்லுங்கள். படிக்காதே என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். தகப்பனிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: கையெழுத்துப் போடுமுன் கணக்குப் போடுங்கள்!