குளிரில் உறைந்த யந்திரம்

மார்கழிப் பனியில் மோட்டார் வண்டி கிளம்ப மறுத்தால் நாம் எவ்வளவு சலித்துக்கொள்கிறோம்! அலாஸ்கா விமானிகள் பட்ட பாட்டைக் கேட்டால் அச்சலிப்பு பறந்துவிடும். 1924 பிப்ரவரியில் பென் ஐல்ஸன் என்பவர் பேர்பாங்க்ஸிலிருந்து மக்கிராத்துக்குத் தபால் கொண்டு பறந்த பிரதேசம் அது. குளிர் சில நாட்களில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியைத் தொடும். (பாரன்ஹீட், சென்டிகிரேட் இரண்டும் ஒன்றுகூடும் இடம் அதுவேயாம்.) அப்பொழுது எண்ணெய் வெல்லப்பாகுபோல் இறுகும், பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. இவற்றினும் பொல்லாதது ஒன்றுண்டு. யந்திரத்தின் கூடு அலுமினியம். உள்ளே சுழலும் தண்டோ எஃகு. குளிரில் அலுமினியமே அதிகம் சுருங்குமாதலால், எண்ணெய் ஓடவேண்டிய இடைவெளி குறுகிவிடுகிறது. அந்நிலையில் பலவந்தமாய்ச் சுழற்றினால் யந்திரம் தேய்ந்து கெடும்.

ஆகவே அக்கால விமானிகள் தரையிறங்கியதும், தங்கள் பசியைக் கவனிக்குமுன், சூடாறாத எண்ணெயை வடித்துக் குடிசைக்குள் அடுப்பருகே வைப்பார்கள். மறுநாட்காலை விமானத்தின் மூக்கிற்குக் கித்தான் போர்வை போர்த்தி, அதனடியில் தீச்சட்டி ஏற்றி நெடுநேரம் காய்ச்சுவார்கள். பக்கத்தை விட்டு நகரமாட்டார்கள். சிந்திய பெட்ரோலில் ஒரு பொறி விழுந்தால் விமானமே சாம்பல். அடுத்த ஊரோ பல மைலுக்கப்பால்! பிறகே எண்ணெயைச் சுடச்சுட ஊற்றிக் கிளப்புவார்கள்.

இக்காலத்தில் மின்சாரம் உள்ள இடங்களில், யந்திரத்தோடு பொருத்திய சூடேற்றிகள் இரவிலேயே அவ்வேலையை முடித்துவிடுகின்றன. மின்சாரமில்லாப் பனிவெளியில் இறங்குவோர் இன்றும் போர்வையையும் சிறு அடுப்பையும் கூடவே எடுத்துச் செல்கின்றனர்.