வெள்ளத்தில் நின்ற மின்சார வண்டியை வாங்கலாமா?

நம் கல்லூரியின் பழைய மாணவரும் இப்பொழுது அடையாற்றில் குடியிருப்பவருமான நண்பர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் நம்மிடம் வந்து ஒரு யோசனை கேட்டார். தியாகராய நகரில் பழைய மோட்டார் வண்டிகளை வாங்கி விற்கும் ஒருவரிடம், 2021ஆம் ஆண்டில் பதிவான மின்சாரக் கார் ஒன்று இருந்தது. புதிதில் 15 லட்ச ரூபாய் விலையுள்ள அவ்வண்டியை 4½ லட்சத்துக்குத் தருவதாகச் சொன்னார்களாம். அதே ஆண்டைச் சேர்ந்த வேறு வண்டிகளோ 8 லட்சத்துக்குக் குறைந்து கிடைக்கவில்லை. வண்டி வெள்ளத்தில் ‘சிறிது நனைந்தது’ என்றும், பின்னர் முற்றும் செப்பனிடப்பட்டது என்றும் விற்பவரே ஒப்புக்கொண்டார். அவ்வளவு சொன்னதே பெரிது. நண்பர் கையிலிருந்த பணமோ மகளின் படிப்புக்கெனச் சேர்த்தது. இக்கேள்வி பிறருக்கும் எழக்கூடியதாதலின், அவருக்குக் கூறியவற்றை இங்கே விரித்து எழுதுகின்றோம்.

அமெரிக்காவின் பெரும்பாலான மாகாணங்களில், இன்ஷியூரன்ஸ் கம்பெனி மொத்த நஷ்டமென்று கழித்துவிட்ட வண்டியை ஒருவர் செப்பனிட்டு மீண்டும் ஓட்ட விரும்பினால், அதன் உரிமைப் பத்திரத்திலேயே ‘மறுபடி கட்டப்பட்டது’ என்னும் முத்திரை விழும். நம் நாட்டுப் பதிவுப் பத்திரத்தில் அத்தகைய முத்திரைக்கு இடமேயில்லை. அழிந்துபோன வண்டியையும், நிரந்தரமாகப் பயன்படாமற்போன வண்டியையும் பற்றி 14 நாட்களுக்குள் பதிவதிகாரிக்கு அறிவிக்க வேண்டுமென்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு விதிக்கின்றது. அவ்வாறு அறிவித்தால் பதிவு ரத்தாகும். ஆனால் கழிக்கப்பட்ட வண்டியை ஏலத்தில் எடுத்தவர் அதை ஓடச் செய்துவிட்டாரானால், அது பயன்படாத வண்டி ஆகாதன்றோ! பழைய பத்திரமே மாசின்றிப் புதுப் பெயருக்கு மாறிவிடுகின்றது.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்தையும் சைதாப்பேட்டையையும் மூழ்கடித்த காலத்தில், மின்சாரக் கார்கள் நம் நகரில் அரியன. 2019இல் ஹுண்டாய் கோனாவும், 2020இல் டாட்டா நெக்ஸானும் விற்பனைக்கு வந்த பின்னரே அவை பெருகின. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை பொழிந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களில் நீர் பல நாள் வடியாது நின்றது. இன்று மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ விற்பனைக்கு நிற்கும் வண்டி, அன்று எங்கே நின்றது என்பதை அதன் பளபளப்பான முகம் சொல்லாது.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். இரண்டாண்டு கடந்து மூன்றாண்டு நிரம்பாத வண்டிக்கு, விலையில் 100க்கு 30 கழித்து மதிப்பிடுவது இன்ஷியூரன்ஸ் வழக்கம். அதன்படி 15 லட்ச ரூபாய் வண்டியின் மதிப்பு 10½ லட்சமாகின்றது. செப்பனிடும் செலவு இம்மதிப்பில் 100க்கு 75 பங்கைத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய 7 லட்சத்து 87 ஆயிரத்தைத் தாண்டினால், வண்டி மொத்த நஷ்டமெனக் கழிக்கப்படும். புதுப் பாட்டரிக்கு 6½ லட்சமும், கம்பிகள், இருக்கைகள் முதலியவற்றுக்கு 1½ லட்சமும் ஆகுமென வைத்துக்கொள்வோம். ஆக 8 லட்சம், வண்டி கழிக்கப்பட்டது. கழித்தது பெரும்பாலும் பாட்டரியின் விலையே. அப்படியிருக்க, அதே வண்டியை ஏலத்தில் எடுத்து, 6½ லட்சத்துக்குப் புதுப் பாட்டரி வாங்கி வைத்து, 4½ லட்சத்துக்கு விற்பவர் எவரேனும் உளரோ? விலை மலிவாயிருப்பதே, உள்ளிருப்பது நீரில் நின்ற பழைய பாட்டரி என்பதற்குச் சாட்சியாகின்றது.

‘மின்சார வண்டிக்குள் நீரை உறிஞ்சும் எஞ்சின் இல்லையே, நனைந்தால் என்ன?’ என்று நண்பர் வினவினார். பெட்ரோல் எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் அது அங்கேயே முறிந்து நிற்கும். மின்சார மோட்டாருக்கு அந்த ஆபத்தில்லை என்பது மெய்யே. பாட்டரிப் பெட்டியும் நீர் புகாவண்ணம் அடைக்கப்பட்டதுதான். ஆயினும் அதற்குரிய சோதனை யாதெனின், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பதேயாகும். மூன்று நாள் சாக்கடை கலந்த நீரில் நிற்பதற்கு அச்சோதனை பிணையாகாது. வண்டியின் அடியில் படுத்திருக்கும் அப்பெட்டியுள் 300 வோல்ட்டு அளவில் அழுத்தமுண்டு. கசிந்த நீர் உலர்ந்தாலும் அதிலிருந்த உப்பும் அழுக்கும் முனைகளுக்கிடையே படலமாகத் தங்கும், அதன் வழியே மின்சாரம் சிறுகச் சிறுக ஒழுகும், உலோகம் அரிக்கும், ஒரு கலம் சூடேறினால் அடுத்த கலமும் சூடேறும். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவை ‘இயன்’ புயல் தாக்கியபோது, கடல்நீரில் மூழ்கிய மின்சார வண்டிகள் சில, நீர் வடிந்து நாட்கள் கழிந்த பின்னர் தீப்பற்றின. நனைந்தவற்றுள் எரிந்தவை மிகச் சிலவே. பல பாட்டரிகள் ஓசையின்றிச் செத்துப்போகும். ஆனால் நம் நகரத்து அடுக்குமாடிகளில் கார்கள் நிற்பது தூண்களுக்கிடையே, மேலே குழந்தைகள் உறங்கும் அறைகளுக்கு நேர் கீழே. இரவில் மின்னேற்றம் நடப்பதும் அங்கேதான்.

சோதிக்கும் வழிகளைச் சுருக்கிச் சொல்லுவோம். இருக்கை வாரை முழுதும் இழுத்துப் பார்த்தால் சேற்றின் கோடு தெரியக்கூடும். இருக்கைத் தண்டவாளத்து ஆணிகளில் துரு இருக்கும். இவற்றை மறைக்கத் தெரிந்தவர் பலர். இவற்றினும் உறுதியானவை பழைய இன்ஷியூரன்ஸ் பாலிசிகள். மொத்த நஷ்டம் கொடுத்தவுடன் பாலிசி முடிந்துவிடுமாதலால், 2023 டிசம்பருக்குப் பின் சில மாதம் பாலிசியின்றி இருந்து, வேறு பெயரில் புதிதாய்த் தொடங்கியிருந்தால் கதை விளங்கிவிடும். இறுதியாக, வண்டியைச் செய்த கம்பெனியின் பட்டறைக்கே கொண்டுபோய், பாட்டரியின் எண், மிஞ்சியுள்ள கொள்ளளவு, மின்காப்பின் அளவு, 8 ஆண்டு உத்தரவாதம் இன்னும் செல்லுமா என்பவற்றை எழுத்தில் பெறவேண்டும். வெள்ளச் சேதத்தை உத்தரவாதம் ஏற்பதில்லை. ஆதலால் இக்கடைசிக் கேள்விக்கு வரும் விடையே எல்லாவற்றினும் முக்கியம்.

பாட்டரி மாற்றியதற்குக் கம்பெனியின் ரசீது இருந்து, எண்ணும் ஒத்திருந்தால், நனைந்த வண்டியையும் துணிந்து வாங்கலாம் என்பதே நம் எண்ணம். ரசீது இல்லையாயின், பாட்டரியின் மதிப்பைச் சூனியமாகக் கொண்டே விலை பேச வேண்டும். 4½ லட்சத்தோடு 6½ லட்சத்தைக் கூட்டினால் 11 லட்சம். நனையாத வண்டியோ 8 லட்சம்.

நண்பர் அக்கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துச் சென்றார். தம் செலவிலேயே கம்பெனிப் பட்டறையில் சோதிக்கச் சம்மதமா என்று விற்பவரைக் கேட்டதற்கு, ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று விடை வந்தது, அப்புறம் சொல்லவில்லை. நண்பர் இன்றும் பஸ்ஸிலேயே அலுவலகம் செல்கின்றார். சென்ற வாரம் அவ்வழியே போனபோது பார்த்தோம்: வண்டி அதே இடத்தில் நின்றது; கண்ணாடியில் ஒட்டிய விலைச்சீட்டில் மட்டும் 40 ஆயிரம் குறைந்திருந்தது.