ஏழு வயதுக்கு முந்திய கல்வி

பிள்ளைச் செல்வம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தைப் பழுதின்றிப் பேண வேண்டும் என்னும் கவலை ஈமானுள்ள ஒவ்வொரு தாய் தந்தையர்க்கும் இருக்கவே வேண்டும். ஆனால் அந்தக் கவலை இந்நாளில் பேரவசரமாக மாறிவருவதைக் காண்கிறேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது இளந்தந்தையர் பலர் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்.

“ஹஜ்ரத், என் மகனுக்கு நாலு வயசு ஆயிடுச்சு. இன்னும் அலிஃபு, பே, தே கூட ஒழுங்கா வரல்லே. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து சூரா பாராம ஓதுறான். அடிச்சுச் சொல்லிக் கொடுக்கலாமா?”

அந்தச் சிறுவனின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் எல்.கே.ஜி. வகுப்பு, மாலையில் மக்தப், இரவில் வீட்டுப்பாடம். இடையே அழுதால், வாயை அடைக்கக் கைப்பேசி. அவன் விளையாடுவது எப்போது? தாயின் மடியில் சாய்ந்து கதை கேட்பது எப்போது?

இந்தக் கேள்விக்குரிய விடை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது. பிள்ளைகள் ஏழு வயதை அடையும்போது தொழுமாறு அவர்களை ஏவும்படியும், பத்து வயதில்தான் கண்டிப்புக் காட்டும்படியும் அண்ணலார் பணித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ள நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் அதிலுள்ள கணக்கைச் சிந்திப்பவர் சிலரே. ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள். நாளொன்றுக்கு ஐந்து வேளை என்று கணக்கிட்டால், ஐயாயிரம் தடவைக்கு மேல் அன்புடன் அழைத்த பிறகே கண்டிப்புக்கு இடம் தரப்படுகிறது. மார்க்கத்தின் தூணாகிய தொழுகைக்கே இத்தனை பொறுமை என்றால், நான்கு வயதுப் பிள்ளை எழுத்தைத் தவறாக உச்சரித்ததற்காகக் கை ஓங்குவதற்கு எங்கே இடம் இருக்கிறது?

அப்படியானால் ஏழு வயதுக்கு முந்திய காலம் தரிசு நிலமா? இல்லை. அது விதைப்புக் காலம். அந்தப் பருவத்துப் பிள்ளைக்கு நாம் ஏவுவது பாடமன்று. நாம் வாழ்வதே பாடம்.

அண்ணலார் சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் நடந்துகொண்ட முறையைப் பாருங்கள். தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுவித்தார்கள். ஸுஜூதுக்குச் செல்லும்போது இறக்கிவைத்தார்கள். எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். மற்றொரு முறை பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டபோது, அதன் ஆசை தீரும் வரை ஸுஜூதை நீட்டினார்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி, சிறுவர் அபூ உமைர், தாம் வளர்த்த சிறு குருவி இறந்து வாடியிருந்தபோது, அந்தக் குருவியைப் பற்றி அன்போடு கேட்டார்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடத்திய தலைவருக்கு, ஒரு குழந்தையின் குருவிக்காகவும் நேரம் இருந்தது.

ஒழுக்கம் கற்பித்ததும் இவ்வாறே. உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) சிறுவராக இருந்தபோது, உணவுத் தட்டில் அவருடைய கை அங்குமிங்கும் அலைந்தது. அல்லாஹ்வின் பெயர் சொல்லி, வலக்கையால், தம் அருகிலிருப்பதை உண்ணுமாறு அண்ணலார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று முதல் தாம் உண்ணும் முறை அதுவாகவே ஆயிற்று என்று அவரே பிற்காலத்தில் அறிவித்தார். அதட்டல் இல்லை, ஒரே தட்டில் உடன் உண்டபடியே சொன்ன சில சொற்கள் ஆயுள் முழுவதும் நிலைத்தன.

என் கடைசி மகளுக்கு இப்போது நான்கரை வயது. மதரஸாவில் முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் எனக்கு, அவளைக் கவனிப்பதே ஒரு பாடமாக இருக்கிறது. அவளை உட்காரவைத்து ஒரு சூராவும் புகட்டியதில்லை. ஆயினும் இரவில் அவளுடைய தாயார் தலையைத் தடவியபடி ஓதுவதைக் கேட்டுக் கேட்டே குல்ஹுவல்லாஹு சூராவை ஓதுகிறாள். ‘ர’ அவளுக்கு இன்னும் ‘ல’தான். தாயாரின் துப்பட்டியைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, முஸல்லாவின் ஓரத்தில் ஸுஜூது செய்கிறாள், நடுவிலே திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள், எழுந்து ஓடிவிடுகிறாள். அடுத்த வேளை மறுபடியும் வந்து நிற்கிறாள். யாரும் அழைக்கவில்லை.

ஒருநாள் இரவு, “அத்தா, அல்லாஹ் எப்போ தூங்குவான்?” என்று கேட்டாள். அவனுக்குத் தூக்கமும் இல்லை, சிறு உறக்கமும் இல்லை என்று ஆயத்துல் குர்ஸீயில் உள்ளதை எளிய சொற்களில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவள், “அப்போ ராத்திரியிலே நான் பயந்தா அவன் முழிச்சிருப்பான்” என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டாள். பெரிய கிதாபுகளில் நாங்கள் நீட்டி விளக்கும் தவக்குலை அவள் ஒரே வாக்கியத்தில் பிடித்துக்கொண்டாள். கேள்வி அவளுடையது, அதனால் விடையும் அவளுடையதாயிற்று.

படைத்தவன் பிள்ளையின் உடலிலேயே ஒரு வரிசையை அமைத்திருக்கிறான். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளுள் பல, நான்கு வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. எழுதுகோலை இறுகப் பிடிக்கும் வலிமை விரல்களுக்கு மெல்ல மெல்லத்தான் வருகிறது. தாய்மொழியின் ரகரமே திருந்தாத நாவிடம் அய்னுக்கும் ளாதுக்கும் உரிய மக்ரஜைக் கேட்டு வற்புறுத்துவது காய்க்கும் முன்னே கனி கேட்பதாகும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டும், பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் உறங்க வேண்டும், திரையின் முன் உட்கார்ந்திருப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வழிகாட்டியது. ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ, விளையாட்டைத் தடுத்து ஓயாமல் பாடத்தில் வருத்துவது பிள்ளையின் உள்ளத்தைச் சாகடித்து அறிவை மழுங்கச் செய்யும் என்று அன்றே இஹ்யாவில் எச்சரித்துவிட்டார்கள்.

“இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஏழு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்யவில்லையா?” என்று சிலர் வினவலாம். உண்மைதான், அவ்வாறே வரலாறு கூறுகிறது. அது அல்லாஹ் அவர்களுக்கு அளித்த தனிக்கொடை. உங்கள் பிள்ளையும் ஆர்வத்தோடு ஓத முன்வந்தால் மகிழ்ந்து ஓதவையுங்கள். மக்தபுக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே சிரித்த முகத்தோடு போகிறதா, அழுதுகொண்டே போகிறதா என்பதைக் கவனியுங்கள் என்றே சொல்கிறேன். குர்ஆன் என்றதும் பிரம்பு நினைவுக்கு வரும் பிள்ளை, வளர்ந்தபின் பிரம்பை மட்டும் விட்டு விலகுவதில்லை.

நாம் செய்யத்தக்கவை மிக எளியவை. உண்ணும்போது பிஸ்மில்லாஹ்வைப் பிள்ளையின் காதில் விழும்படி சொல்லுங்கள். ஒளு செய்யும்போது அருகில் நின்று தண்ணீரில் கை நனைக்க விடுங்கள். உறங்கும் முன் ஓதுங்கள். நபிமார்களின் வரலாற்றைக் கதையாகச் சொல்லுங்கள். பள்ளிவாசலுக்கு வரும் குழந்தை ஓடினால், முறைத்து விரட்டாதீர்கள், உமாமாவை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள். ஏதோ தருவதாகச் சொல்லித் தம் மகனை அழைத்த ஒரு தாயிடம், என்ன தரப்போகிறாய் என்று அண்ணலார் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். ஒன்றும் கொடாதிருந்தால் அது உன் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். “ஊசி போடமாட்டார்”, “உடனே வந்துவிடுவேன்” என்று நாம் சொல்பவை எந்தக் கணக்கில் சேரும்?

மஹ்மூத் இப்னு ரபீஃ (ரலி) என்னும் நபித்தோழர், தமக்கு ஐந்து வயதில் நடந்த ஒன்றை முதுமையிலும் நினைவில் வைத்திருந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் வாளி நீரில் ஒரு வாய் எடுத்து, விளையாட்டாக அவருடைய முகத்தில் உமிழ்ந்தார்கள். அவ்வளவுதான். சிறுவர் எந்த வயதில் கேட்டதும் கண்டதும் ஏற்கத்தக்கது என்பதற்குச் சான்றாக இமாம் புகாரி (ரஹ்) இதைத் தம் நூலின் கல்வி பற்றிய பகுதியில் பதிவு செய்தார்கள். ஐந்து வயது நெஞ்சம் அந்த மாபெரும் ஆசானிடமிருந்து எடுத்துவைத்துக்கொண்டது, முகத்தில் தெறித்த ஒரு வாய்த் தண்ணீரை, அதாவது, அன்பை.

இன்று நம் வீட்டில் ஓடும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஏதோ ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறது. நாம் மண்ணுக்குள் போனபின் நமக்காகக் கையேந்த வேண்டிய பிள்ளை அது. அப்போது அதன் நினைவில் வரும் நம் முகம் எது என்பதை இப்போதே நாம் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் மக்களை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், நம்மை அவர்களுக்கு நல்ல முன்மாதிரியாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.